ஒக்டோபரில் தொடங்கும் படிப்பு

மதியம் ஆனதும் எங்கள் வார்ட் நடையில் எதிர்ப்படுகிற எல்லோரும் "மால்சைட்" என்பார்கள். தரை துடைப்பவர், எக்ஸ்றேக்குக் கட்டில் தள்ளிப் போகிறவர், பெரிய டொக்டர், எவரானாலும் சரி. சொல்லின் பொருள் சாப்பாட்டு நேரம் என்பதுதான். வந்த புதிதில் அதை ஒரு கேள்வி என்று நினைத்துவிட்டேன். எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் ஒருவரைக் கண்டால் "சாப்பிட்டியளோ?" என்று கேட்பதும், கேட்டவர் நின்று பதிலை வாங்கிக்கொண்டு போவதும் வழக்கமல்லவா. அதனால் "இல்லை, நோயாளிகளுக்குக் கொடுத்த பிறகுதான் நான் சாப்பிடுவேன்" என்று ஜெர்மன் மொழியில் வசனம் கட்டத் தொடங்குவேன். வினைச்சொல்லைத் தேடிப் பிடித்து உரிய இடத்தில் வைப்பதற்குள் அவர்கள் லிஃப்டுக்குள் போயிருப்பார்கள். இப்போது நானும் நிற்காமல், முகம் பார்க்காமல் மால்சைட் சொல்லப் பழகிவிட்டேன். யார் சாப்பிட்டார், யார் பட்டினி என்று தெரியாமலே எல்லோருடைய நாளும் முடிந்துவிடுகிறது.

நான் ஒரு தாதி. ஊரில் அரச ஆஸ்பத்திரியொன்றில் வேலை செய்த காலத்தில் எல்லோருக்கும் மிஸ்ஸி. இங்கே ஜெர்மனியின் ரூர் பக்கத்துச் சிறிய நகரமொன்றில், வயதான நோயாளிகளுக்கு சுவெஸ்டர். சகோதரி என்றுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள், ஆனால் யாரும் அந்தப் பொருளை நினைத்துக் கூப்பிடுவதில்லை. ஊரில் டொக்டர்கள் குறைந்த காலம் அது. ஊசிக்கு நரம்பு பிடித்தோம், காயத்துக்குத் தையல் போட்டோம், யாரை முதலில் ஒப்பரேஷன் தியேட்டருக்கு அனுப்ப வேண்டும் என்று சொன்னோம். சொன்னால் கேட்டார்கள். இங்கே அவையெல்லாம் டொக்டரின் வேலை. முறை வேறு, அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் எத்தனையோ வருடங்களாக நான் ஒரு நோயாளியின் வயிற்றில் கை வைப்பது அவரைக் கழுவித் துடைப்பதற்கு மட்டும்தான் என்பதை நினைக்கும்போது, என் கைகளே எனக்கு அந்நியமாகத் தெரியும்.

தயாபரனைத் திருமணம் செய்துகொண்டுதான் இந்த நாட்டுக்கு வந்தேன். அவர் மீசை அரும்புகிற வயதில் அகதியாக வந்தவர். இத்தாலியச் சாப்பாட்டுக் கடையொன்றின் அடுப்படியில் நீண்ட காலம் நின்றார். முழங்கால் பழுதான பிறகு ஒரு களஞ்சியத்தில் பாரந்தூக்கி வண்டி ஓட்டினார். நான் முதியோர் இல்லமொன்றில் அறை துப்புரவாக்கிக்கொண்டு மொழி படித்தேன். பிறகு ஊர்ச் சான்றிதழுக்கு அங்கீகாரம், பிறகு வேலை, பிறகு வேலையோடு வேலையாக இளங்கலை. ஒவ்வொன்றும் முடிகிறபோது இதுதான் கடைசி என்று சொல்வேன். அவர் சிரித்துக்கொண்டு கோழி வெட்டுவார்.

சென்ற வசந்தத்தில் முதுகலைக்கு இடம் கிடைத்தது. தாதியே நோயாளியை முறையாகப் பரிசோதித்து, ஓர் எல்லைக்குள் தானே முடிவெடுக்கப் பழக்குகிற படிப்பு. இந்த நாட்டுக்கே புதிது. பெயரைக்கூட ஜெர்மனுக்கு மாற்றாமல் அட்வான்ஸ்ட் கிளினிக்கல் பிராக்டிஸ் என்று ஆங்கிலத்திலேயே விட்டிருந்தார்கள். ஒக்டோபரில் தொடக்கம். எங்கள் வார்ட் பொறுப்பாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இது முட்டிக்தான்" என்றார். முட்டிக் என்றால் துணிச்சல். நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, நல்ல செய்திக்காரர்தான் கேக் கொண்டுவர வேண்டும் என்ற இந்த நாட்டு வழக்கப்படி மறுநாள் கேக் செய்து கொண்டுபோனேன். அதை வெட்டித் தின்றபடி அவர் சொன்னார்: "ஆனால் படித்து முடித்தாலும் எங்களிடம் அப்படி ஒரு வேலை இல்லையே, சுகந்தி." வீட்டுக்கு வந்து மகள் ஆரணியிடம் சொன்னேன். அவள் இங்கேயே பிறந்து, இப்போது உயர்பள்ளியின் கடைசி வகுப்புக்கு வந்திருப்பவள்.

"அம்மா, முட்டிக் எண்டு அவ சொன்னா, உங்களுக்கு விசரோ, பைத்தியமோ எண்டு அர்த்தம்."

கோடை தொடக்கத்தில் ஊன்ட்றொப் காமாட்சி கோயில் தேருக்குப் போனோம். கால்வாய்க் கரையெல்லாம் சனம். வேட்டியும் பட்டுச்சேலையும், அவற்றைப் படம் எடுக்கிற ஜெர்மன்காரர்களும். தெரிந்த அக்கா ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மேல படிக்கப் போறியளாம். அப்ப டொக்டரா வரப்போறியளோ?"

"இல்லை அக்கா."

"அப்ப பெரிய நேர்ஸோ?"

"அப்பிடியும் சொல்ல ஏலாது."

"பின்னை என்னத்துக்கு இந்த வயசில?"

 பின்னால் நின்ற தயாபரன்தான் சொன்னார்: "அவவுக்கு விருப்பம் அக்கா. அது மட்டும் காணாதே?" சொல்லிவிட்டுப் புல்லில் உட்கார்ந்தார். வழக்கமாக வடம் பிடிக்க முதல் ஆளாக ஓடுகிறவர். அன்னதானத் தட்டை மடியில் வைத்தபடி தொடாமல் இருந்தார். "வெயில்" என்றார். நான் நம்பினேன். நோயாளிகளின் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிறவள் என்று என்னைப் பற்றி எனக்கொரு எண்ணம் இருந்தது.

படிப்பு தொடங்குமுன் உடற்பரிசோதனையின் அடிப்படைகளை வீட்டிலிருந்தே பழகிக்கொண்டு வரும்படி பல்கலைக்கழகத்தில் சொல்லியிருந்தார்கள். பழகுவதற்கு ஓர் உடம்பு வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு, தயாபரனை சோபாவில் படுக்க வைத்தேன். ஆரணி பக்கத்தில் இருந்து புத்தகத்தை வாசித்தாள். முதலில் தட்டிப் பார்த்தல். இடது கை நடுவிரலை வயிற்றில் வைத்து அதன்மேல் வலது கை விரலால் தட்டி, சத்தம் எங்கே மாறுகிறது என்று கேட்க வேண்டும்.

"இதென்னப்பா, பலாப்பழமோ தட்டிப் பாக்கிறீர்?" என்றார் அவர்.

"சிரிக்காதேங்கோ. சிரிச்சா வயிறு இறுகும்."

"கூசுது எண்டால் நான் என்ன செய்யிறது?"

ஆரணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மூன்று பேரும் அப்படிச் சிரிப்பது அதுதான் கடைசித் தடவை என்று அப்போது தெரியாது. பிறகு கல்லீரலைத் தொட்டுப் பார்க்கும் பகுதி வந்தது. வலப்பக்க விலாவுக்குக் கீழே கையைத் தட்டையாக வைத்து, மூச்சை உள்ளுக்கு இழுக்கச் சொல்ல வேண்டும். ஆரோக்கியமான உடம்பில் பெரும்பாலும் ஒன்றும் தட்டுப்படாது. தட்டுப்பட்டாலும் விளிம்பு மெதுமையாக, மழமழவென்று இருக்கும். ஆரணி அந்த வரியை வாசித்துக்கொண்டிருந்தாள். அவர் மூச்சை இழுத்தார். விலாவுக்கு வெகு கீழே, நான் எதிர்பார்த்தே இராத இடத்தில், ஏதோ ஒன்று இறங்கிவந்து என் விரல்களில் முட்டியது. கடினமாக இருந்தது. மழமழப்பாக இல்லை.

"இன்னொருக்கா இழுங்கோ."

மறுபடியும் வந்து முட்டியது.

"சரி, இவ்வளவு காணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டேன். அவர்கள் இருவரும் தொலைக்காட்சி போடுகிற சத்தம் கேட்டது. நான் எனக்கே சமாதானம் சொன்னேன். இன்னும் படிக்கவே தொடங்காதவள், பிழையான இடத்தில் கை வைத்திருப்பேன், இறுகிய தசையை வேறொன்றாக நினைத்திருப்பேன். வாழ்நாளெல்லாம் என் கைக்கு மதிப்பில்லை என்று மனம் நொந்தவள், அன்றைக்கு என் கை பிழை விட்டிருக்க வேண்டும் என்று காமாட்சியை வேண்டினேன்.

எங்கள் குடும்ப டொக்டர் ஓய்வு பெறுகிற வயதை நெருங்கும் ஒரு பெண். இரத்தம் எடுக்கலாம், வயதாகிறதல்லவா என்று சொல்லித்தான் தயாபரனைக் கூட்டிப்போனேன். டொக்டரிடம் மட்டும் நான் தொட்டதைச் சொன்னேன். அவர் உடனே தயாபரனைப் படுக்க வைத்து, தன் கையால் பார்த்து, பிறகு அல்ட்ராசவுண்ட் கருவியை உருட்டிக்கொண்டு வந்தார். நீண்ட நேரம் திரையைப் பார்த்தார்.

"இதை யார் கண்டுபிடித்தது?"

"என் மனைவி" என்றார் தயாபரன், படுத்தபடியே, பெருமையாக. "அவ ஒக்டோபரில் பல்கலைக்கழகம் போகிறா."

டொக்டர் என் பக்கம் திரும்பினார். "நன்றாகத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்கள்" என்றார்.

இந்த நாட்டில் ஒரு டொக்டர் என் கையைப் பற்றி அப்படிச் சொல்ல வேண்டும் என்று எத்தனை வருடம் ஏங்கியிருப்பேன். அது இப்படி வந்து சேர்ந்தது. நான் நன்றி சொன்னேன். என்ன செய்வது, இங்கே பாராட்டுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

அதற்குப் பிறகு ஸ்கேன், ஊசி, டேர்மீன் என்று இங்கே சொல்கிற இன்னொரு சந்திப்பு, அதற்கடுத்த டேர்மீன். புற்றுநோய் கல்லீரலில் தொடங்கி நுரையீரல்வரை பரவியிருந்தது. ஆஸ்பத்திரியின் மூத்த டொக்டர் எங்களை ஒரு சிறிய அறையில் இருத்தினார். மேசையில் கைதுடைக்கும் கடதாசிப் பெட்டி இருந்தது. அதைக் கண்டதுமே எனக்கு விளங்கிவிட்டது. என் வார்டிலும் அப்படி ஓர் அறை உண்டு, அந்தப் பெட்டியை நிரப்பி வைப்பது நான்தான். அவர் நிதானமாக, நல்ல மனதோடு பேசினார். இனிக் குணப்படுத்த வழியில்லை என்பதற்கான பலியாட்டிவ் என்ற சொல் வந்தது. தயாபரனுக்கு ஜெர்மன் என்னைவிட நன்றாகத் தெரியும், ஆனாலும் என் பக்கம் சாய்ந்து, "என்னவாம்?" என்று கேட்டார். தமிழில் கேட்டால் வேறு மாதிரி இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. அந்தச் சொல்லுக்கு என்னிடம் தமிழ் இருக்கவில்லை. "நோவில்லாமல் பாப்பினமாம்" என்றேன்.

வேறு கேள்விகள் இருக்கிறதா என்று டொக்டர் கேட்டார். தயாபரன் நிமிர்ந்து இருந்தார். என் படிப்புத்தான் அவர் மனதில் இருந்தது. மருந்து ஏற்றுகிற நாட்களில் நான் பக்கத்தில் இருக்க வேண்டுமா, அல்லது வகுப்புக்குப் போகலாமா என்று கேட்க நினைத்தவர், வழக்கமான அடுப்படி ஜெர்மனில் சுருக்கமாகக் கேட்டார்:

"ஒக்டோபர். முடியுமா?"

டொக்டர் மேசையைப் பார்த்தார். பிறகு தயாபரனை நேரே பார்த்து, மிகவும் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அதை நான் உங்களுக்கு வாக்களிக்க முடியாது."

டொக்டர் அதை என்ன கேள்வி என்று விளங்கிக்கொண்டார் என்பது எனக்கு ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. தயாபரனுக்கு அதற்கு முன்பே உறைத்துவிட்டது. நாங்கள் இருவரும் அவரைத் திருத்தவில்லை. திருத்துவதற்கு அதில் என்ன இருக்கிறது? ஒக்டோபர்வரை இருப்பாரா என்று நாங்கள் கேட்கத் துணியாத கேள்விக்கு, தற்செயலாகப் பதில் கிடைத்துவிட்டது. தயாபரன் எழுந்து கை கொடுத்து, "டாங்க" என்று நன்றி சொன்னார். கார் தரிப்பிடத்துக்கு நடக்கும்போது, "பாவம் அந்த மனிசன், பயந்திட்டார்" என்றார்.

அடுத்த வாரம் பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். விஷயத்தைச் சொன்னதும் மறுபக்கத்துப் பெண் உண்மையாகவே வருந்தினார். "கைன் புரொப்ளேம்" என்றார், பிரச்சினையே இல்லை, இடத்தை அடுத்த வருடத்துக்கு மாற்றி வைக்கலாம். பிறகு ஆறுதலாக ஒரு வசனம் சேர்த்தார்: "அடுத்த வருடம் உங்களுடைய தலை சுதந்திரமாக இருக்கும்." மனப்பாரம் இல்லாமல் படிக்கலாம் என்பதற்கு இங்கே அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்தும், தொலைபேசியை வைத்த பிறகு நெடுநேரம் என் தலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

அடுத்த வருடத்துக்கு மாற்றப் போகிறேன் என்று நான் சொன்னபோது தயாபரனுக்கு வந்த கோபத்தை எங்கள் திருமண வாழ்க்கையில் நான் கண்டதில்லை.

"யாரைக் கேட்டுக்கொண்டு போன் எடுத்தனீர்?"

"உங்களை விட்டிட்டு நான் எப்பிடிப் போறது?"

"நான் இருந்தாலும் இல்லாட்டிலும் நீர் போறீர். நான் இஞ்ச வந்து என்னத்தைப் படிச்சனான்? வெங்காயம் உரிச்சன். அவ்வளவுதான். இந்த வீட்டில ஒராள் எண்டாலும் முழுசாச் செய்து முடிக்கோணும்."

"எனக்கு ஒண்டும் வேண்டாமப்பா. கையை வைச்சதே பிழையெண்டு கிடக்கு."

 அவர் சட்டைப் பொத்தான்களைக் கழற்றிவிட்டு சோபாவில் படுத்தார்.

"புத்தகத்தை எடும். இப்பிடி ஒரு ஈரல் வகுப்பில கிடைக்காது. வடிவாப் பழகும்."

நான் மாட்டேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தார். உடம்பு மெலிந்திருந்தது, வயிறு மட்டும் உப்பியிருந்தது. கண்ணின் வெள்ளை மஞ்சளாகியிருந்தது. மூச்சை இழுக்கச் சொல்லாமலே இழுத்தார். விளிம்பு எங்கே, எவ்வளவு இறங்கியிருக்கிறது, நீர் எங்கே தேங்கி நிற்கிறது, எல்லாம் என் விரல்களுக்குத் தெரிந்தன. புத்தகத்தில் உள்ள ஒவ்வொரு வரியும் அவர் உடம்பில் இருந்தது. அந்தக் கோடை முழுவதும் இது நடந்தது. அவர் படுப்பார், நான் தொடுவேன், கண்டதை ஜெர்மனில் வாய்விட்டுச் சொல்வேன், அவர் என் உச்சரிப்பைத் திருத்துவார். எந்தக் கை மனைவியின் கை, எந்தக் கை மாணவியின் கை என்று எனக்கே தெரியாமல் போனது. நான் கெட்டிக்காரியாகிக்கொண்டு வந்தேன். அவர் குறைந்துகொண்டு வந்தார். இப்படிப் பெற்ற கல்வியை நான் எந்த நோயாளியிடம் கொண்டுபோய்ப் பயன்படுத்துவேன் என்று நினைக்க நினைக்க வெறுப்பாக இருந்தது. ஆனால் நிறுத்தவில்லை. அவர் என்னோடு செய்ய விரும்பிய ஒரே வேலை அதுவாக இருந்தது.

செப்டெம்பரில், ஒரு காலை, நான் முகம் துடைத்துவிட்டுக்கொண்டு இருக்கும்போதே போய்விட்டார். ஆரணி பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டு நின்றாள். அதைப் பற்றி எழுத எனக்கு ஏலாது.

தகனத்துக்கு முன் இறுதிச்சடங்கு நிறுவனத்து இளைஞர் ஒருவர் எங்களோடு உட்கார்ந்து பேசினார். கறுப்புச் சூட், மென்மையான குரல். யாழ்ப்பாணத்திலிருந்து கணவரின் தம்பி ரவி, அஸ்தியைக் கீரிமலைக் கடலில் கரைக்க வேண்டும் என்று தினமும் தொலைபேசியில் அழுதுகொண்டிருந்தார். ஆரணி, "அப்பா இஞ்சயே இருக்கட்டும் அம்மா. அங்க கடலில விட்டால் நான் எங்க போய்ப் பாக்கிறது?" என்றாள். இருவருக்கும் நியாயம் இருந்தது. அதனால் அந்த இளைஞரிடம் கேட்டேன், கொஞ்சத்தை ஊருக்கு அனுப்பி, மிகுதியை இங்கே புதைக்கலாமா என்று. அவர் வருத்தத்தோடு தலையசைத்தார்.

"இங்கே அதற்கு அனுமதி இல்லை. ஒரு மனிதரை இரண்டாகப் பிரிக்கக் கூடாது."

நான் பழக்கத்தில், அதைத் தமிழில் சொல்வதற்குப் பக்கத்துக் கதிரைக்குத் திரும்பினேன். ஆரணி இருந்தாள். அவளுக்கு மொழிபெயர்க்கத் தேவையில்லை. பதினெட்டு நிரம்புமுன் ஊரைவிட்டு வந்து, உடம்பு இங்கும் நினைவு அங்குமாக ஆயுளைக் கழித்த ஒரு மனிதரைச் செத்த பிறகாவது பிரிக்கக் கூடாது என்று இந்த நாட்டுச் சட்டம் சொல்கிறது. உயிரோடு இருந்தபோது அதை யாரும் சொல்லவில்லை.

ஆரணியின் பேச்சைத்தான் கேட்டேன். நகரத்துச் சவக்காலையில், பிர்ச் மரங்களின் கீழே அவர் இருக்கிறார். ரவி சில நாள் என்னோடு பேசவில்லை. பிறகு அவரே எடுத்து, "அண்ணன்ர உடுப்பு ஏதும் ஒண்டெண்டாலும் குடுத்துவிடுங்கோ அண்ணி, அந்தியேட்டிக்கு அதையெண்டாலும் கடலில விடுவம்" என்றார். ஊருக்குப் பறக்கிற ஒருவரிடம் அவருடைய நீலக் கோடுபோட்ட சட்டையைக் கொடுத்துவிட்டேன்.

முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டியும் என் முதல் வகுப்பும் ஒரே நாளில் வந்தன. முப்பத்தொண்டு முடியுமுன் புத்தகப்பையோடு வெளிக்கிடுகிறாள் என்று கதைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கதைக்கத்தான் செய்தார்கள். இடத்தை நான் கடைசியில் மாற்றவில்லை. அடுத்த வருடத்துக்கு மாற்றியிருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் சாகுமுன் அவர் என்னிடம் வேறொன்றும் கேட்கவில்லை. விருப்பத்தோடு போனேன் என்று பொய் சொல்ல மாட்டேன். என்னத்துக்கு இந்த வயசில என்று அந்த அக்கா கேட்டதற்கு அன்றும் என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை. படித்து முடித்தாலும் அப்படி ஒரு வேலை எங்கள் ஆஸ்பத்திரியில் இன்னும் இல்லை.

காலை ரயிலில் இருக்கும்போது ரவி வீடியோவில் அழைத்தார். அங்கே வெயில் ஏறியிருந்தது. ஐயர் மந்திரம் சொல்லி முடித்துவிட்டார். ரவி இடுப்பளவு தண்ணீரில் நின்று சட்டையைக் கடலில் விட்டார். யாரோ கரையிலிருந்து தொலைபேசியைப் பிடித்துக் காட்டினார்கள். சட்டை கொஞ்ச தூரம் போனது. பிறகு அலையோடு திரும்பி வந்தது. ரவி மறுபடியும் தள்ளினார். மறுபடியும் வந்தது.

"தள்ளத் தள்ள வருது அண்ணி" என்றார்.  "என்ன செய்ய?"

"கொஞ்சம் பொறுங்கோ தம்பி. அலை பின்னுக்கு இழுக்கேக்க விடுங்கோ."

எனக்கு எதிரே கோப்பிக் குவளையோடு இருந்த மூதாட்டி என் திரையை எட்டிப் பார்த்துப் புன்னகைத்தார். சாம்பல் நிற வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தவருக்கு அந்த நீலம் பிடித்துப்போயிருக்க வேண்டும்.

"எவ்வளவு அழகான கடல். விடுமுறையா?"

"ஓம்" என்று தமிழில் வந்தது. பிறகு ஜெர்மனில் "யா" என்றேன்.

ரயில் வயல்வெளிக்குள் நுழைந்தது. அந்த இடத்தில் எப்போதும் தொடர்பு அறுந்துபோகும். ரவியின் குரல் நின்றது. படம் மட்டும் அசையாமல் திரையில் நின்றது. அலை தூக்கிப் பிடித்த சட்டை, இரண்டு கைகளையும் விரித்தபடி, கரைக்கும் வராமல் கடலுக்கும் போகாமல். அதைப் பார்த்தபடியே இருந்தேன், நான் இறங்க வேண்டிய நிலையத்தின் பெயரை ஒலிபெருக்கி சொல்லும்வரை.